பிரேக் ஆயில் வேறு... ஆயில் பிரேக் வேறு!

“எங்கள் வீடு கொட்டிவாக்கத்தில். மதுராந்தகம் பக்கம் மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை காரில் போய் வருகிறோம். கார் வாங்கி 8 வருடமாகிறது, இதுவரை 35,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. சமீபத்தில் நிலத்துக்குப் போயிருந்தபோது பிரேக் விளக்கு எரிந்தது. ‘பிரேக் ஆயில் கொறஞ்சிருக்கும்மா. கொட்டகையில டிராக்டருக்கு வாங்கின ஆயில் மிச்சம் இருக்கு. அதுவும் ஆயில் பிரேக் வண்டிதானே, கொஞ்சம் ஊத்திக்கிட்டுப் போங்க’ என்றார் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா. ஊற்றவில்லை. ஊருக்குத் திரும்பிக் கடையில் கேட்டால், டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று மூன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். அடுத்த மாதம் மாமனார், மாமியாரை அழைத்துக்கொண்டு ஏற்காடு போக இருக்கிறோம். எதை ஊற்றுவது? எண் பெரிதாக இருந்தால் நல்லதா?”

- வாசகி, கொட்டிவாக்கம், சென்னை.

கொட்டகை ஆயிலை ஊற்றாமல் வந்தது மிகவும் நல்ல காரியம். ஊற்றியிருந்தால் அன்றைக்கு கார் ஓடியிருக்கும். சில நாள் கழித்து பிரேக் சிக்கியிருக்கும், அல்லது பிடிக்காமல் போயிருக்கும்.

கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான். காரின் பானெட்டைத் திறந்தால், பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எந்த வகை என்று அச்சிட்டிருக்கும். ‘டாட் 3’ என்றோ ‘டாட் 4’ என்றோ இருக்கும். அந்த வகையில், சீல் உடைக்காத புது டின் வாங்க வேண்டும். 8 வருடத்தில் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால், மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்கக் கூடாது. பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது நிரப்ப வேண்டும். ஏற்காடு பயணத்துக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். காரணங்கள் கீழே.

பெயர் செய்யும் குழப்பம்

ஊரில் எல்லோரும் ‘பிரேக் ஆயில்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால், இன்றைய கார்களில் இருப்பது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகை வேதிப்பொருள்களைக் கொண்டு தயாரிக்கும் திரவம் அது. தண்ணீரில் கலந்துவிடும், எண்ணெய்போல மிதக்காது.

ஆயில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் உண்டு. திரவத்தால் இயங்கும் பிரேக் வந்த தொடக்க காலத்தில், ஆமணக்கு எண்ணெயோடு ஆல்கஹால் கலந்துதான் ஊற்றினார்கள். அன்றைக்கு வாஷர்கள் இயற்கை ரப்பரில் செய்யப்பட்டவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும், ஆமணக்கு எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. பிறகு அதிக வெப்பம் தாங்கும் கிளைக்கால் திரவங்கள் வந்து ஆமணக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எண்ணெய் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இனி டிராக்டருக்கு வருவோம். ‘ஆயில் பிரேக் டிராக்டர்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் பொருள் வேறு. பிரேக் தட்டுகள் பின் ஆக்ஸில் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கியபடி சுழல்கின்றன என்பதுதான் அது. அந்த எண்ணெய் தட்டுகளைக் குளிர வைக்கிறது, தேய்மானத்தைக் குறைக்கிறது. அதற்கு ஊற்றுவது டிராக்டர் கையேட்டில் சொல்லியிருக்கும் கியர் பெட்டி எண்ணெய். அது பெட்ரோலிய எண்ணெய்.

காரில் இருக்கும் பிரேக் திரவத்தின் வேலை குளிர வைப்பது அல்ல. பெடலை மிதிக்கும் காலின் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அந்தப் பாதை நெடுக ரப்பர் வாஷர்களும் ரப்பர் குழாய்களும் இருக்கின்றன. கிளைக்கால் திரவத்துக்கு ஏற்ற ரப்பர் அது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். ஆகவே, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் எதையும் காரின் பிரேக் டப்பாவில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. அதேபோல, டாட் 4 டின்னில் மிச்சம் இருக்கிறது என்று டிராக்டரின் எண்ணெய்ப் பெட்டியிலும் ஊற்றக் கூடாது.

டாட் எண் எதைச் சொல்கிறது?

‘டாட்’ என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச்சுருக்கம். பிரேக் திரவங்களுக்கு அந்தத் துறை வகுத்த தரப் பிரிவுகளைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். முக்கியமாகப் பார்ப்பது, திரவம் எத்தனை டிகிரி வெப்பத்தில் கொதிக்கிறது என்பதை. புது டின்னில் இருக்கும்போது ஓர் அளவு. தண்ணீர் கலந்த பிறகு ஓர் அளவு. 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்தால் கொதிநிலை எவ்வளவு இறங்குகிறது என்று சோதிக்கிறார்கள். குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவுகள் இவை:

டாட் 3: புதிதாக 205 டிகிரி செல்சியஸ், தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரி.

டாட் 4: புதிதாக 230 டிகிரி; தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரி.

டாட் 5.1: புதிதாக 260 டிகிரி, தண்ணீர் சேர்ந்தால் 180 டிகிரி.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்த டாட் 4-இன் கொதிநிலை, புது டாட் 3-ஐவிட 50 டிகிரி குறைவு. அதாவது, பல வருடம் மாற்றாத டாட் 4-ஐவிட, நேற்று மாற்றிய டாட் 3 பாதுகாப்பானது. எண்ணைப் பார்ப்பதைவிட, எப்போது மாற்றியது என்று பார்ப்பது முக்கியம்.

ஓடாத காரிலும் திரவம் கெடும்

‘35,000 கி.மீ.தானே ஓடியிருக்கிறது’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் ஆயில் ஓட ஓடக் கெடும். பிரேக் திரவம் நின்ற இடத்திலேயே கெடும். அதற்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பிரித்து வைத்த யூரியா மூட்டை ஈரம் இழுத்துக் கட்டிதட்டுகிறது அல்லவா, அதே கதைதான். டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்ச் சேரும்.

கொட்டிவாக்கம் கடலை ஒட்டிய ஊர். வருடம் முழுக்கக் காற்றில் ஈரம் இருக்கும். கூடவே உப்பும் இருக்கும். ஈரம் திரவத்தில் சேர்ந்து கொதிநிலையைக் குறைக்கும், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டரின் உட்புறத்தில் துருவேற்றும். உப்பு வெளியிலிருந்து இரும்பு பிரேக் பைப்பையும், காற்றெடுக்கும் நிப்பிளையும் அரிக்கும். வாரக்கணக்கில் தெருவோரம் நிற்கும் காருக்கு இந்த இரண்டு தொல்லையும் உண்டு.

இதனால்தான் பெரும்பாலான கார் தயாரிப்பாளர்கள் பிரேக் திரவம் மாற்றுவதற்கு கிலோமீட்டரோடு காலக்கெடுவையும் சேர்த்தே சொல்கிறார்கள். பொதுவாக 2 வருடம் அல்லது 40,000 கி.மீ., இதில் எது முதலில் வருகிறதோ அது. சரியான கணக்கு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். வாசகியின் காரில் கிலோமீட்டர் எட்டவில்லை. ஆனால், காலக்கெடு பல முறை தாண்டிவிட்டது.

மலை இறங்கும்போதுதான் சோதனை

சமதளத்தில் ஓடும் காரில் பழைய திரவம் தன் குறையைக் காட்டிக்கொள்ளாது. மதுராந்தகம் போய் வர எந்தக் குறையும் தெரியாமல் இருந்திருக்கலாம். மலைப்பாதை அப்படி விடாது.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏறி இறங்க வேண்டும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் சேர்ந்து 1,400 கிலோ எடையுள்ள கார், அந்த உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளிப்படும் சக்தியைக் கணக்கிட்டால், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் நான்கு சக்கர பிரேக்குகளில் வெப்பமாக இறங்கும்.

அந்த வெப்பத்தில், தண்ணீர் சேர்ந்த திரவம் கொதித்துக் குமிழி விடும். திரவம் அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. குமிழி அழுத்தினால் சுருங்கிவிடும். உறிஞ்சுகுழாயில் காற்று பிடித்தால் மோட்டார் ஓடியும் தண்ணீர் வராது அல்லவா, அதேபோல பெடல் அடி வரை இறங்கியும் கார் நிற்காது. மலை உச்சியில் நன்றாக இருந்த பிரேக், பாதி இறக்கத்தில் திடீரென இல்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வண்டி அரை மணி நேரம் நின்று ஆறிய பிறகு பார்த்தால் பிரேக் பிடிக்கும். ‘ஒன்றும் இல்லை, சரியாகிவிட்டது’ என்று நினைத்து மறுபடி இறங்குவது ஆபத்து.

புதுத் திரவம் ஊற்றினாலும் ஓட்டும் முறையில் கவனம் வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விடுவதும், டீசலோ பெட்ரோலோ மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறங்குவதும் கூடவே கூடாது. பெடலைத் தொடர்ந்து மிதித்தபடியே இறங்காமல், அழுத்தி வேகம் குறைத்து விட வேண்டும். மறுபடி தேவைப்படும்போது அழுத்த வேண்டும். பெடல் மெத்தென்று ஆகிவிட்டால், வேகவேகமாகப் பலமுறை மிதித்துப் பாருங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் கம்பியால் இயங்குவது. திரவம் கொதித்தாலும் அது வேலை செய்யும். பள்ளத்தின் பக்கம் போகாமல், மலையின் பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள்.

எண் பெரிதானால் நல்லதா?

எப்போதும் இல்லை. மூடியில் டாட் 3 என்று இருந்தால், டாட் 3 ஊற்றலாம். பெரும்பாலும் டாட் 4-உம் ஊற்றலாம். இரண்டும் ஒரே குடும்பம். மலைப்பயணம் உண்டு என்றால் டாட் 4 கூடுதல் பாதுகாப்பு. ஆனால், டாட் 4 என்று இருக்கும் காரில் விலை குறைவு என்று டாட் 3 ஊற்றக் கூடாது.

டாட் 5.1 கிளைக்கால் வகைதான். கெடுதல் செய்யாது என்றாலும், சாதாரணக் குடும்பக் காருக்கு அது தேவைப்படுவதில்லை. அதுவும் ஈரம் இழுக்கும். அதையும் காலக்கெடுவில் மாற்றத்தான் வேண்டும். அதிக விலை கொடுத்து அதை ஊற்றிவிட்டு ஐந்து வருடம் மறந்துவிடுவதைவிட, டாட் 4-ஐ 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே மேல்.

கவனிக்க வேண்டிய பெயர் ‘டாட் 5’. டாட் 5.1-உம் இதுவும் பெயரில்தான் நெருக்கம். டாட் 5 என்பது சிலிக்கோன் திரவம். மற்ற மூன்றோடு சேராது. தண்ணீரிலும் கலக்காது. டாட் 3, டாட் 4 காரில் இதை ஊற்றவே கூடாது. கடையில் ‘ஃபைவ்’ என்று வாயால் கேட்டு வாங்காமல், டின்னில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த அமைப்புக்குள் நுண்ணிய வால்வுகள் இருக்கின்றன. சில கார்களுக்கு ‘டாட் 4 எல்.வி.’ என்று, பாயும் தன்மை கூடிய திரவத்தைக் குறிப்பிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அதையேதான் ஊற்ற வேண்டும்.

விளக்கு எரிந்தால் ஊற்றுவது மட்டும் போதாது

பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டப்பாவைப் பாருங்கள். அளவு, ‘மேக்ஸ்’, ‘மின்’ என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும்.

பிரேக் திரவம் பெட்ரோலைப் போல எரிந்து தீருவது அல்ல. குறைந்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பிரேக் பேடு தேய்ந்திருக்கும்; தேய்ந்த இடத்தை நிரப்பத் திரவம் கீழே இறங்கியிருக்கும். அல்லது, எங்கோ கசிகிறது. சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா, பெடலுக்கு மேலே கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் அந்தக் காரை ஓட்டக் கூடாது. சில கார்களில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் திரவம் எடுக்கும். அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும்.

தவறி எண்ணெய் ஊற்றிவிட்டால்...

ஊற்றியது உடனே தெரிந்துவிட்டால், பெடலை மிதிக்காதீர்கள், காரை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். எண்ணெய் டப்பாவோடு நின்றிருந்தால், அங்கேயே உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்ய வாய்ப்பு உண்டு. மிதித்து ஓட்டியாகிவிட்டது என்றால், கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் வாஷர்கள், ரப்பர் குழாய்கள் என எண்ணெய் பட்ட ரப்பர் அத்தனையும் மாற்றிப் பைப்புகளைக் கழுவ வேண்டியிருக்கும். ஏ.பி.எஸ். உள்ள காரில் செலவு இன்னும் கூடும். சில நூறு ரூபாய் டின்னை வாங்காமல் விட்டதற்கு, ஆயிரக்கணக்கில் தண்டம்.

லேபிள் உரிந்த பாட்டிலில் இருப்பது என்ன என்று சந்தேகம் வந்தால், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். மிதந்தால், அது காரின் பிரேக்குக்கு ஆகாது. கரைந்தால் மட்டும் அது பிரேக் திரவம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டும் கரையும். இந்தச் சோதனை வேண்டாததை ஒதுக்க உதவும். வேண்டியதை உறுதி செய்யாது. சோதித்த டம்ளரைத் திரும்பக் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது.

சர்வீஸுக்கு விடும்போது...

* மூடியில் உள்ள வகையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அதைக் காட்டி வாங்குங்கள்.

* டின்னில் சீல் இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 8654 குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

* அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். உங்கள் கண் முன்னால் சீலை உடைக்கச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே திறந்து வைத்த பெரிய கேனிலிருந்து ஊற்ற வேண்டாம்.

* நான்கு சக்கரத்திலும் பழைய திரவம் வெளியேறி, தெளிந்த புதுத் திரவம் வரும்வரை காற்றெடுக்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது.

* பேடு, லைனர் தேய்மானத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 8 வருடக் கார் என்பதால், ரப்பர் குழாய்களில் வெடிப்பு, இரும்பு பைப்பில் துரு இருக்கிறதா என்பதும் முக்கியம்.

* மாற்றிய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

* வண்டியை எடுக்கும்போது பெடலை அழுத்திப் பிடியுங்கள். கல்போல உறுதியாக நிற்க வேண்டும். மெத்தென்று இருந்தாலோ, மெல்ல மெல்ல உள்ளே இறங்கினாலோ வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

மிச்சத்தை எங்கே வைப்பது?

திறந்த டின்னில் மிச்சம் இருப்பது மூடி வைத்தாலும் ஈரம் இழுக்கும். அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். பிரேக் திரவம் நஞ்சு. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. பிள்ளைகள், நாய், ஆடு, மாடு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கிணற்றில் போட வாங்கிய பிளீச்சிங் பவுடருக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பற்றக்கூடும். பழைய திரவத்தை வாய்க்காலிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டாமல், ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். கார் பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஏற்காடு பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாக இந்த வேலையை முடித்துவிட்டு, ஒருமுறை மதுராந்தகம் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் டப்பாவில் அளவைப் பாருங்கள். கோடு இறங்காமல் இருந்து, பெடலும் உறுதியாக இருந்தால் மலைக்குக் கிளம்பலாம். அதே பயணத்தில், கொட்டகையில் இருக்கும் ஆயில் டின்னின் மேல் ‘டிராக்டருக்கு மட்டும்’ என்று பெயின்ட்டில் பெரிதாக எழுதி வைத்துவிட்டு வாருங்கள். சித்தப்பா நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்; டின்னில் எழுதியிருந்தால் அவருக்கும் அந்தக் குழப்பம் வந்திருக்காது.